வெளுத்த மஞ்சள்

அருவிக்குப் போன இடத்தில் கால் முறிந்தது என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். கொல்லிமலைக்கு வருகிறவர்கள் அருவிப் படிகளில்தான் வழுக்கி விழுகிறார்கள். நான் விழுந்தது வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், கையகலப் பாசியில். வாளியை இறக்கி வைத்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது வானம். வெள்ளையாக, மிக அருகில், மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

என் கணவருக்குச் செம்மேட்டில் தோட்டக்கலை அலுவலகத்தில் வேலை. மலையில் நாடு என்று சொல்கிற ஊர்க்கூட்டங்களில் ஒன்றான வாழவந்தி நாட்டில் ஒரு வீட்டின் பின்பகுதியை வாடகைக்கு எடுத்திருந்தார். நான் கீழே, சமவெளியில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். மாதத்துக்கு ஓரிரு முறை வெள்ளிக்கிழமை பஸ் ஏறி மேலே வந்து, ஞாயிறு இறங்கிப் போவேன். அந்த ஞாயிறு இறங்கவில்லை. கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. முழங்கால் வரை மாவுக்கட்டு போட்ட டாக்டர், "கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அந்த மலைரோட்டு வளைவுகள்ல ஏறி இறங்க வேண்டாம்மா" என்றார். இறங்கினாலும் பயனில்லை. எங்கள் லேப் இரண்டாம் மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இருந்தது.

கட்டிலை ஜன்னலோரம் போட்டுக்கொடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள், ஒவ்வொன்றின் மேலும் மிளகுக் கொடி. மரங்களுக்கு அப்பால் மேடாக ஏறிப்போகும் மரவள்ளிக் காடு; இங்கே பயிர் செய்கிற நிலத்தைக் காடு என்றுதான் சொல்வார்கள். காலையில் மூடுபனி அந்த மேட்டிலிருந்து இறங்கி வரும். முதலில் காடு போகும், பிறகு மரங்கள், பிறகு ஜன்னல் கம்பி. அறைக்குள் வந்தபின் அது பனியாகத் தெரியாது. போர்வை மட்டும் லேசாக ஈரமாகும். வலி மாத்திரை போட்டால் கண்ணைத் திறந்தபடியே தூக்கம் வரும். அந்தத் தூக்கத்தில் எங்கள் லேப்பின் கண்ணாடிக் குழாய்கள் உத்தரத்தில் ஓடும். நான் படுத்தபடியே ஒவ்வொரு வால்வாகத் திறந்து மூடுவேன். எல்லாம் சத்தமில்லாமல், சரியாக நடக்கும். விழித்திருக்கும்போது அது ஒருநாளும் அப்படி நடந்ததில்லை.

நான் செய்ய முயன்றது ப்ளாக் கோபாலிமர் என்ற பொருள். பெயர்தான் பயமுறுத்தும். பாசிமணி கோப்பது போல மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நீளமான சங்கிலி செய்வது. முதல் பாதி ஒரே வகை மணி, மறுபாதி முழுக்க வேறு வகை. என்னுடையதில் முதல் பாதி ஸ்டைரீன், கெட்டியான பிளாஸ்டிக்காகிற மணி. மறுபாதி ஐசோப்ரீன், ரப்பராகிற மணி. இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலக்காதவை, ஆனால் நடுவில் பிணைப்பு இருப்பதால் பிரிந்து போகவும் முடியாது. அதனால் திடப்பொருளுக்குள் அவை மிக மெல்லிய அடுக்குகளாக, பிளாஸ்டிக், ரப்பர், பிளாஸ்டிக், ரப்பர் என்று தாமாகவே அடுக்கிக்கொள்ளும்.

கோக்கும்போது சங்கிலியின் நுனி எப்போதும் அடுத்த மணிக்காகக் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்கும் சங்கிலியை எங்கள் துறையில் உயிருள்ள சங்கிலி என்றே சொல்வோம். துளி ஈரமோ துளி காற்றோ பட்டால் அது செத்துவிடும். உயிரோடு இருப்பதற்கு அடையாளம் ஆரஞ்சு நிறம். ஸ்டைரீன் கோத்துக்கொள்ளத் தொடங்கியதும் குடுவைக்குள் அந்த நிறம் எழும் என்று படித்திருந்தேன். இரண்டு வருடமாக நான் செய்த எல்லா முயற்சியிலும் அது எழுந்ததில்லை. எழுந்தது போல இருக்கும், நான் குனிந்து பார்ப்பதற்குள் போய்விடும்.

கால் முறிந்த நேரத்தில்தான் எல்லாம் கூடி வந்திருந்தது. கசிந்துகொண்டிருந்த குழாய்களை மாற்றியிருந்தோம். திரவங்களைச் சுத்தம் செய்து வைத்திருந்தேன். அவற்றை வெகுநாள் வைத்திருக்க முடியாது. பொருளின் அடுக்குகளைப் பார்க்க, வேறு ஊரில் உள்ள எக்ஸ்ரே கருவியில் எங்களுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் பேராசிரியர் போனில் சொன்னார். "எதிர் டேபிள்ல இருக்கிறவங்ககிட்ட கேட்டேன்மா. செய்றேன்னு சொல்லிட்டாங்க. நீ போன்லயே சொல்லிக்கொடு."

எதிர் மேசைக்காரியும் நானும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள், ஒரே வயது. ஆனாலும் "ஓவன் காலியா இருக்குங்களா?" "கேஸ் தீர்ந்துபோச்சுங்க" என்பதற்கு மேல் பேசியதில்லை. சண்டை எதுவும் கிடையாது. அவள் காதில் எப்போதும் இயர்போன் இருக்கும், எனக்கும் வலியப் போய்ப் பேச வராது. அவளுடைய ஆராய்ச்சி மருந்து சுமக்கும் ஜெல்களைப் பற்றியது. என் வேலைக்கு நஞ்சான தண்ணீர்தான் அவளுடைய மூலப்பொருள்.

எங்கள் அறையில் கட்டிலின் கால்மாட்டில், ஜன்னல் மூலையில் மட்டும்தான் டவர் கிடைக்கும். அதனால் தலைமாட்டைக் கால்மாட்டாக மாற்றிப் படுத்தேன். தினமும் காலையில் அவள் அழைப்பாள். குடுவையைத் தீயில் வாட்டுவது, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு ஆர்கான் வாயுவை நிரப்புவது, ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தும் கோணம் எல்லாவற்றையும் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அவள் திருப்பிச் சொல்வாள். நடுவில் குரல் உடையும், வெகுதூரம் போகும், திரும்பி வரும். சில சமயம் லைன் அறுந்தது தெரியாமல் நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போய் அப்படியே தூங்கியிருக்கிறேன்.

வீட்டுக்கார அம்மா முன்பகுதியில் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மிளகும் மரவள்ளியும் அவர்களுடையதுதான். என் கணவர் ஆபீஸ் போனபின் என்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். வாசலில் மிளகுக் கதிர்களை உதிர்த்துக்கொண்டே நான் போனில் பேசுவதைக் கேட்பார்.

"என்ன கண்ணு அது, சொட்டு சொட்டா ஊத்தச் சொல்றீங்க? பலகாரமா?"

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"செஞ்சு முடிச்சதும் என்ன பண்ணுவீங்க?"

"அளந்து பாப்போம்க்கா."

"அளந்து?"

"எழுதுவோம்."

அவர் சிரித்தார். கேலியான சிரிப்பு இல்லை. எழுதுவதற்காக ஒரு பொருளைச் செய்கிறார்கள் என்பது அவருக்கு உண்மையிலேயே பிடித்துப்போனது போலத்தான் இருந்தது.

முதல் முயற்சி தோற்றது. அன்று கீழே நல்ல மழை. எங்கோ ஈரம் புகுந்துவிட்டது, நிறம் எழவே இல்லை. "என்னாலதாங்க, மன்னிச்சிருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். இனி அழைக்க மாட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அழைத்தாள். "எல்லாத்தையும் மறுபடி கழுவி ஓவன்ல காய வெச்சுட்டேங்க. எப்ப ஆரம்பிக்கலாம்?"

இரண்டாவது முறை தொடங்கிய நாளில் மூடுபனி விலகவே இல்லை. காலையா மதியமா என்று வெளிச்சத்தை வைத்துச் சொல்ல முடியாத நாள். குடுவை வெந்நீர்த் தொட்டியில் இளஞ்சூட்டில் இருந்தது. ஸ்டைரீன் உள்ளே போயிற்று. தொடங்கிவைக்கும் திரவத்தை ஊசியில் எடுத்துவிட்டாள். "போடுறேங்க" என்றாள். லைன் அறுந்துவிட்டதோ என்று நான் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"வந்துருச்சு" என்றது அவள் குரல். கோயிலில் பேசுவது போல மெதுவாக.

"நிக்குதா?"

"நிக்குதுங்க. போகல."

"எப்படி இருக்கு?"

"ஆரஞ்சுதான். ஆனா கடையில விக்கிற ஆரஞ்சு இல்லைங்க. கனகாம்பரமா? அதுவும் இல்ல. உள்ளேருந்து வெளிச்சம் அடிக்கிற மாதிரி… எனக்குச் சொல்லத் தெரியல. நல்லா இருக்கு."

ஒரு போட்டோ அனுப்பினாள். வெகுநேரம் சுற்றிச் சுற்றி இறங்கிய அந்தப் படத்தில் குடுவை டீ மாதிரி பழுப்பாக இருந்தது. பின்னால் அவளுடைய கையுறையின் நீலம். அவ்வளவுதான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மகிழ்ச்சிதான். அதோடு கொஞ்சம் பொறாமை இருந்ததும் உண்மை. இரண்டு வருடம் நான் காத்திருந்த ஒன்று, நான் இல்லாத அறையில், இரண்டாவது தடவையிலேயே வேறொருத்தி கண்முன் வந்து நின்றிருந்தது. ஜன்னலில் வெள்ளையைத் தவிர வேறு நிறமே இல்லை.

ஸ்டைரீன் முழுக்கக் கோத்துக்கொள்ள மதியம் வரை விட்டோம். பிறகு ஐசோப்ரீன். அதைப் பனிக்கட்டியில் வைத்திருந்தாள், கீழே இருக்கிற வெக்கையில் அது திறந்த மாத்திரத்தில் ஆவியாகிவிடும். "உள்ள விட்டுட்டேங்க" என்றாள். உடனே அவள் குரல் மாறியது.

"ஏங்க, கலர் போகுதுங்க."

"எப்படிப் போகுது?"

"போயிடுச்சு. மொத்தமா போயிடுச்சு. செத்துருச்சு போல. மெத்தனால் ஊத்தி முடிச்சிரட்டுமா…"

லைன் அறுந்தது. அறை விளக்கும் அணைந்திருந்தது. கரண்ட் போய்ச் சற்று நேரத்தில் எங்கள் பக்கத்து டவரும் போய்விடும் என்பது எனக்குத் தெரியும்.

அவளிடம் சொல்லாமல் விட்ட ஒன்று எனக்குத் தெரியும். ஸ்டைரீன் நுனிக்குத்தான் ஆரஞ்சு. ஐசோப்ரீன் கோத்துக்கொள்ளத் தொடங்கியதும் நுனி மாறிவிடும், நிறமும் வெளுத்துப் போகும். வெளுத்த மஞ்சள் இருந்தால் சங்கிலி உயிரோடு இருக்கிறது, தண்ணீர் போலத் தெளிந்துவிட்டால் இல்லை. அந்தக் கட்டத்துக்கு நான் ஒருபோதும் போனதில்லை. அந்தக் கட்டம் வரும்போது போனிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். மெத்தனால், கோப்பு முழுக்க முடிந்தபின் சங்கிலியை நிறுத்துவதற்காக ஊற்றுவது; அவள் அதை இப்போதே ஊற்றினால் உயிரோடு இருப்பதும் அந்த நிமிடமே முடிந்துவிடும்.

கட்டிலைவிட்டு இறங்கி ஒற்றைக் காலில் வாசல்வரை போனேன். வீட்டுக்கார அம்மா என்னைப் பிடித்து உட்காரவைத்தார்.

"என்ன கண்ணு, மூஞ்சி இப்படி இருக்குது?"

"போன் பேசணும்க்கா. டவர் போயிருச்சு."

"மேட்டுக் காட்டுல கெடைக்குமுங்க. அங்க மலைக்குக் கீழ இருக்குற டவரு." என் காலைப் பார்த்தார். "நீங்க எப்படி வருவீங்க? என்ன சொல்லணும்னு சொல்லுங்க, நான் போயிட்டு வாரேன்."

மூன்று விஷயம் சொன்னேன். எதையும் ஊற்றக் கூடாது. குடுவைக்குப் பின்னால் வெள்ளைத்தாளைப் பிடித்துப் பார்க்க வேண்டும், வெளுத்த மஞ்சளாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. அப்படி இருந்தால் சாயங்காலம் வரை அந்தச் சூட்டிலேயே விட்டுவிட வேண்டும். அவர் ஒருமுறை திருப்பிச் சொன்னார். போனில் எதை அழுத்தினால் அவளுக்குப் போகும் என்று காட்டிக்கொடுத்தேன். சாக்கை மடித்துத் தலையில் கொங்காடையாகப் போட்டுக்கொண்டு, என் போனை முந்தானையில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். மரவள்ளிச் செடிகளுக்குள் நுழைந்ததும் பனி அவரை எடுத்துக்கொண்டது.

வாசலில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கிளைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கல்லில் ஒரு சேவல் நின்றது, பிறகு அது நின்ற இடமும் வெள்ளையாயிற்று. அப்போது மேலேயிருந்து, வானத்திலிருந்து வருவது போல அவர் குரல் கேட்டது. தூரத்து ஊருக்குப் பேசுவதென்றால் அவ்வளவு தூரத்துக்கும் கேட்கிற மாதிரி பேச வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"ஏனுங்க… எதையும் ஊத்தாதீங்க சாமி… சாவலியாமுங்க… உசுரு இருக்குதாமுங்க… வெள்ளைத்தாளு… வெள்ளைத்தாளைப் பொறகால புடிச்சுப் பாருங்க…"

பிறகு வெறும் பனி. பிறகு மறுபடியும் குரல்.

"மஞ்சளா தெரியுதா சாமி? வெளுத்த மஞ்சளு… தெரியுதா? அப்பச் சரி. அப்படியே உடுங்க. சூட்டோட சூடா பொழுதிருக்க உடுங்க. அழுவாதீங்க சாமி, கண்ணைத் தொடைங்க."

இன்றுவரை நான் கேட்ட வேதியியல் பேச்சுகளில் என் மனதில் அப்படியே தங்கியிருப்பது அதுதான். கருத்தரங்குகளில் கேட்டதெல்லாம் கலைந்துவிட்டது.

அவர் நனைந்து திரும்பினார். "பாவம், அந்தப் புள்ள அழுதுகிட்டு இருந்துச்சுங்க. மொதல்ல நான் யாருன்னே புரியல. அப்பறம் தாளைப் புடிச்சுப் பாத்துட்டு, லேசா இருக்குதுங்கன்னுச்சு. நெசமாவா, ஆசைக்குச் சொல்லுதான்னு எனக்குத் தெரியல கண்ணு."

எனக்கும் தெரியவில்லை.

பொழுது இறங்கும் நேரத்தில் அடுத்த காட்டுப் பெரியவரும் அவர் மருமகளும் வாசலுக்கு வந்தார்கள். இருவரும் சங்கடமாக நின்றார்கள்.

"யாருக்குங்க உடம்பு சரியில்ல? சாவக் கெடந்து பொழச்சுதுன்னு மேட்டுல பேச்சுக் கேட்டுதே."

"ஆளு இல்லீங்க," என்றார் வீட்டுக்கார அம்மா. "சங்கிலிங்க."

"சங்கிலியா?" மருமகளின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. "எத்தனை பவுனுங்க?"

கணவர் ஆபீசிலிருந்து வந்தபோது நாங்கள் நாலு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவருக்கு விளக்கிச் சொல்ல யாராலும் முடியவில்லை.

விளக்கு வைத்தபின் டவர் வந்தது. எதிர் மேசைக்காரி அழைத்தாள். "முடிச்சுட்டேன்," என்றாள். "மெத்தனால்ல ஊத்தினதும் வெள்ளையா பஞ்சு மாதிரி வந்துச்சு." பிறகு சற்று நிறுத்திவிட்டு, "ஏய், யாருடி அவங்க?" என்றாள்.

அந்த 'டி'யை இருவருமே கவனித்தோம் என்று நினைக்கிறேன். "எங்க வீட்டுக்காரம்மா," என்றேன். "நீ சாப்பிட்டியா?"

உயிரோடுதான் இருந்ததா என்பது அளந்தால்தான் தெரியும். முதல் அளவை நீளம். சங்கிலிகளைக் கரைத்து, நுண்துளை மணிகள் நிறைந்த குழாய் வழியாக விடுவார்கள். குட்டைச் சங்கிலிகள் ஒவ்வொரு துளையிலும் நுழைந்து நுழைந்து, சந்தையில் கடைகடையாக நிற்கும் பிள்ளைகள் போலத் தாமதமாக வரும். நீளமானவை நேராக வந்துவிடும். ஐசோப்ரீன் போடுமுன் எடுத்து வைத்த சங்கிலி வரைபடத்தில் ஒரு மேடாகத் தெரிந்தது. முடிந்தபின் எடுத்தது அதற்கு முன்னாலேயே ஒரு மேடாக எழுந்தது. பழைய இடத்தில் சின்னப் புடைப்பு ஒன்று மிச்சமிருந்தது. கொஞ்சம் செத்திருக்கிறது. பெரும்பகுதி வளர்ந்திருக்கிறது. பிறகு இரண்டு மணிகளும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்தார்கள். ஏறத்தாழச் சரிபாதி. கரைசலை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, மூடிவைத்து, நாள்கணக்கில் மெல்ல உலரவிட்டு ஒரு படலம் எடுத்தாள். எக்ஸ்ரேக்கு அவளே எடுத்துப் போனாள். அடுக்குகள் இருந்தால் வரைபடத்தில் சம இடைவெளியில் முனைகள் எழ வேண்டும். "ஒண்ணு, ரெண்டு, மூணு," என்று அந்த ஊர் ரயில் நிலையத்திலிருந்து போனில் எண்ணிச் சொன்னாள். பின்னால் ரயில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியாக வந்தது எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம். ரப்பர் பகுதி கருப்பாகத் தெரியும்படி சாயமேற்றி எடுத்தது. டவர் சரியாகக் கிடைக்காத மதியத்தில் அது என் போனில் மேலிருந்து கீழாக, ஒரு விரல் அகலம், இன்னொரு விரல் அகலம் என்று இறங்கியது. கருப்பு, வெள்ளை, கருப்பு, வெள்ளை. ஒரே சீராக ஓடி, ஓரிடத்தில் மெல்ல வளைந்து, மறுபடி ஓடின. மாத்திரை மயக்கத்தில் நான் அந்தக் கோடுகளுக்கு நடுவே நடந்துபோனேன். முடிவே இல்லை. வீட்டுக்கார அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, இது எந்த ஊருக் காடு? நல்லா உழுதிருக்காங்க."

கட்டுப் பிரித்த பின்பும் நடை பழக இன்னும் கொஞ்ச நாள் மலையிலேயே இருந்தேன். ஒரு சனிக்கிழமை எதிர் மேசைக்காரி வந்தாள். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே பஸ்ஸிலிருந்து இறங்கினாளாம். முகம் வெளுத்திருந்தது. வாசலிலேயே நின்றோம். போனில் அத்தனை பேசிய எங்களுக்கு நேரில் முதல் நாள் போலக் கூச்சமாக இருந்தது. அப்போது சமையலறையிலிருந்து, "வந்துட்டாங்களா? உள்ள வாங்க சாமி, பனியில நிக்காதீங்க" என்று குரல் வந்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். கையில் இருந்த பையைக் கீழே வைத்தாள். உள்ளே போய் அந்த அம்மாவின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

அவித்த மரவள்ளிக் கிழங்கும் மிளகுச் சட்னியும் சாப்பிட்டோம். ஒரு சின்ன பாட்டிலில் பொருளைக் கொண்டுவந்திருந்தாள். வெள்ளைப் பிசிறுகள். வீட்டுக்கார அம்மா ஒன்றை விரலில் வைத்து நசுக்கிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், திரும்பப் போட்டார். "இத்தனூண்டுக்கா அத்தனை அழுவை?" என்றார்.

"ஆமாங்க," என்றாள் அவள்.

கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று பேச்சு வந்தது. உன்னுடையது என்று இருவரும் சொன்னோம், அதை முடிக்காமலே விட்டோம். பேராசிரியரே பிறகு முடிவு செய்தார். "அடுத்த தடவை நீ வந்து நிக்கணும்," என்றாள். "என்னால அந்தக் கலரைச் சொல்ல முடியல. சொல்லிப் பாத்துட்டேன்." அன்றைய பொறாமை எனக்கு அப்போது இல்லை. எப்போது போனது என்று யோசித்தேன். தெரியவில்லை.

பஸ் களைப்பில் என் கட்டிலிலேயே படுத்துத் தூங்கிவிட்டாள். டவர் மூலையில் தலை, காதில் இயர்போன் இல்லை. சாயங்காலப் பனி மேட்டிலிருந்து இறங்கி வந்தது. எழுப்பினால்தான் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியும். நான் கதவருகே போய் நின்று பார்த்தேன். வீட்டுக்கார அம்மா வாயில் விரல் வைத்து, தலையை அசைத்து, என்னை வாசலுக்குக் கூட்டிப்போனார். உதிர்க்க மிளகு நிறைய இருந்தது. நானும் உட்கார்ந்து ஒரு கதிரை எடுத்துக்கொண்டேன்.